அப்பாவின் இசைத்தட்டுகளை லோரியில் ஏற்றுவதற்கு முன்

(வீட்டில் ஜாஸ், செவ்வியல் இசைப் பதிவுகளைச் சேர்ப்பது, அடுக்குவது, கேட்டு மகிழ்வது பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் யோங் பெங்கிற்கும் இடையில் சாஆ என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ரப்பர் காலத்தில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இன்று ஊருக்குள் வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

தோட்டத்தில் கிராணியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வீடு அது. சீட்டாட்டம் கிடையாது, குடி கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் இசை. சம்பளம் வாங்கிய மறு வாரம் பஸ் ஏறி சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் போவார். கர்நாடக இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புவார். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிய சமயத்தில் விற்றுவிட்டுப் போன சாமான்களில் ஒரு பெட்டி ஜாஸ் தட்டுகளும் மேற்கத்திய செவ்வியல் தட்டுகளும் இருந்தன. அவற்றையும் வாங்கி வைத்தார். பிறகு ஒலிநாடாக் காலம் வந்தது. வானொலியில் வந்த கச்சேரி, கோயில் திருவிழா நாதஸ்வரம், வீட்டுப் பெரியவர்களின் பாட்டு எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

இப்போது பெரியவர் இல்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட வேண்டும். பழைய சாமான் வாங்குபவரின் லோரி வாசலில் நிற்கிறது. அலமாரியில் நானூறு தட்டுகள், முந்நூறு ஒலிநாடாக்கள். மகன் கேட்கிறார்: "அம்மா, இதெல்லாம் என்ன?" தாயார் சொல்கிறார்: "எனக்கென்ன தெரியும் ராசா, அப்பாவுக்குத்தான் தெரியும்."

நேயர்களே, இன்றைய உரையின் பொருளே அந்த ஒரு வார்த்தைதான். அப்பாவுக்கு மட்டும் தெரிந்த சேகரிப்பு, அப்பாவோடு போய்விடும். சேர்ப்பதற்கு நாற்பது வருடம் ஆகியிருக்கலாம். லோரியில் ஏற்ற அரை மணி நேரம் போதும்.

பெயர் சொல்லி முடித்த பாடகி

இந்தியாவில் இசைத்தட்டு வந்த கதையிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகர்களைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் குரல் அப்போது பதிவானது. அவர் பாட்டை முடிக்கும்போது ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். ஏன் தெரியுமா? மெழுகில் பதிவான அந்தக் குரல் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே தட்டு அச்சடிப்பவருக்கு இந்த மொழியும் தெரியாது, ஆளும் தெரியாது. யார் பாடியது என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்தப் பெயர். அடுத்த ஆண்டு, 1903இல், அதே கெய்ஸ்பெர்க் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். நம் வட்டாரத்துக்கும் தட்டு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது.

முன்பின் தெரியாத ஒருவர் கையில் இந்தத் தட்டு கிடைக்கும், அவருக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டும் என்ற எண்ணம் முதல் பதிவிலேயே இருந்தது. நம் வீட்டு ஒலிநாடாக்களில் எத்தனைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது? "பாட்டு – 1", "பாட்டு – 2" என்றுதானே இருக்கிறது? சிலவற்றில் அதுவும் இல்லை.

அலமாரியில் இருப்பது என்ன?

ஒரு சேகரிப்பைக் கையில் எடுப்பவர் முதலில் எது எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கனமாக, தட்டினால் கல் போல ஒலிக்கும் கறுப்புத் தட்டு பெரும்பாலும் 78 சுற்றுத் தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றுவதால் அந்தப் பெயர். அதன் முக்கியச் சேர்க்கை அரக்கு. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் உண்டு. கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா பாட்டுகளும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் வீடு வீடாகப் போனது இந்தத் தட்டில்தான். மணிக்கணக்கில் தோடி வாசிக்கக்கூடிய ஒரு மேதை, சில நிமிடங்களுக்குள் அந்த ராகத்தின் சாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆரம்ப கால ஜாஸ் கலைஞர்களுக்கும் அதே மூன்று நிமிடக் கட்டுப்பாடுதான்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அது லேசானது, எளிதில் உடையாதது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை தாங்கும். அதன் பிறகுதான் ராக ஆலாபனைக்கும், ஜாஸ் கலைஞரின் நீண்ட தனி வாசிப்புக்கும், ஒரு சிம்பொனியின் முழுப் பகுதிக்கும் தட்டில் இடம் கிடைத்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. 1982இல் குறுந்தட்டு வந்தது. 

ஒன்றை மறக்கக்கூடாது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. தட்டின் பள்ளம் மெல்லியது. இரண்டுக்கும் வேறு வேறு ஊசி வேண்டும். கைச்சாவி கொடுக்கும் பழைய கிராமபோனின் இரும்பு ஊசியில் எல்.பி. தட்டை வைத்தால் அன்றோடு அந்தத் தட்டு பாழ். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டுச் செய்யும் முதல் தவறு இதுதான்.

ஜாஸ் ரசிகரிடம் கற்க வேண்டிய பழக்கம்

"நமக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது; அது மலேசியத் தமிழர்களின் கோயில் வாசல் வழியாகவே வருகிறது.

சார்லி மரியானோ என்று ஓர் அமெரிக்க சாக்சபோன் கலைஞர். 1923இல் பாஸ்டனில் பிறந்தவர், ஜாஸ் உலகில் பெயர் பெற்றவர். 1960களின் பிற்பகுதியில் வானொலி இசைக்குழுவினருக்குப் பயிற்சி தர மலேசியாவுக்கு வந்தார். இங்கே நம் கோயிலில் நாதஸ்வரம் ஒலிப்பதைக் கேட்டார். அந்த ஓசை அவரை விடவில்லை. பின்னர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் தங்கி நாதஸ்வரம் பயின்றார். தம் ஜாஸ் பதிவுகளிலும் அதை வாசித்தார். 2009இல் ஜெர்மனியில் காலமானார். தினமும் காலையும் மாலையும் நம் காதில் விழுந்து, 'மேளச் சத்தம்' என்று நாம் கடந்துபோன இசை, ஒரு ஜாஸ் மேதையின் வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறது.

இரண்டு இசைக்கும் அடிப்படையில் ஓர் ஒற்றுமை உண்டு. பீத்தோவனின் சிம்பொனியில் ஒவ்வொரு சுரமும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஜாஸ் அப்படியில்லை. மெட்டு ஒன்றுதான்; அதன்மேல் கலைஞர் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கிறார். நம் வித்துவான்கள் செய்யும் ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் போலவே. ஆகவே ஒரே பாட்டு இரண்டு நாளில் இரண்டு விதமாக இருக்கும். என்றைக்கு வாசித்தது, உடன் வாசித்தவர் யார் என்பது தெரியாவிட்டால் பாதி இசை தெரியாது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் ஜாஸ் சேகரிப்பாளர்கள். 1936இலேயே பிரெஞ்சுக்காரரான சார்ல் தெலோனே, ஜாஸ் தட்டுகளில் யார் யார் எந்தக் கருவி வாசித்தார்கள் என்பதை வரிசைப்படுத்தி ஒரு நூலாகவே வெளியிட்டார். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டை எடுத்துக்கொள்வோம். 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாளில் பதிவானது. அதில் பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ். ஆனால் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி. நல்ல ரசிகர் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அந்தத் தட்டின் முதல் பக்கம் பல்லாண்டுகளாகச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலித்து வந்தது; பதிவு நாளில் ஓர் இயந்திரம் மெதுவாக ஓடியதே காரணம். அந்தப் பிழை 1990களில் வந்த பதிப்புகளில்தான் திருத்தப்பட்டது. ஆகவே எந்தப் பதிப்பு என்பதும் குறித்து வைக்க வேண்டிய செய்தி.

இந்தப் பழக்கம் நம் தட்டுகளுக்கும் பொருந்தும். 'சக்தி' என்ற குழுவின் முதல் தட்டு 1975இல் அமெரிக்காவில் மேடையிலேயே பதிவாகி, 1976இல் வெளிவந்தது. கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் என்று நான்கு பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உறையில் உள்ள சின்ன எழுத்துகளைப் படித்தால்தான் மிருதங்கம் ராம்நாட் ராகவன் என்பது தெரியும். அதே விநாயக்ராம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளுக்கும் கடம் வாசித்தவர். 2024இல் கிராமி விருது பெற்ற 'சக்தி'யின் புதிய தொகுப்பில் வாசித்த வி. செல்வகணேஷ் அவருடைய மகன். இப்படிப் பக்க வாத்தியக்காரரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், கர்நாடக இசை அடுக்கிலிருந்து ஜாஸ் அடுக்குக்கு வழி திறக்கிறது. பாடகர் பெயரை மட்டும் எழுதி வைத்தால் அந்த வழி தெரியாது.

அடுக்குவது எப்படி?

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மேற்கத்திய செவ்வியல் இசையை இயற்றியவர் பெயரில் அடுக்குவது வழக்கம். பாக், மொசார்ட், பீத்தோவன் என்று போகும். மொசார்ட்டின் படைப்புகளுக்கு 1862இலேயே கோஷல் என்பவர் எண் கொடுத்துவிட்டார். இன்றும் அந்த எண்ணைச் சொன்னால் உலகில் எந்த மூலையிலும் எந்தப் படைப்பு என்று தெரிந்துவிடும். ஜாஸை இயற்றியவர் பெயரில் அடுக்கினால் ஒன்றும் கிடைக்காது. குழுத் தலைவரின் பெயரில் அடுக்க வேண்டும். கர்நாடக இசையிலும் அப்படியே. தியாகராஜர் பெயரில் அடுக்கினால் பாதி அலமாரி அவரிடமே போய்விடும். ஆகவே பாடியவர் அல்லது வாசித்தவர் பெயரில் அடுக்குவதே சௌகரியம்.

ஆனால் ஒரே தட்டில் ஒரு பக்கம் பாக், மறு பக்கம் மொசார்ட் இருந்தால்? ஒரே ஒலிநாடாவில் முதலில் வயலின் கச்சேரி, பிறகு சினிமாப் பாட்டு, கடைசியில் அண்ணன் மகளின் பிறந்தநாள் விழா இருந்தால்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நாடாவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிட வேண்டும். முதலில் கையில் வந்தது 1, அடுத்தது 2. தட்டு தொலைந்தாலும் அந்த எண்ணை வேறு தட்டுக்குக் கொடுக்கக்கூடாது. எண்ணைத் தட்டின்மேல் எழுதாமல், உறைக்குள் வைக்கும் சிறு அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். குறுந்தட்டில் பந்துமுனைப் பேனா படவே கூடாது, ஒட்டுத்தாளும் கூடாது. அதன் மெல்லிய பூச்சு எழுத்துள்ள மேற்பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அலமாரியில் தட்டுகள் எண் வரிசையில் நிற்கட்டும். பாடகர், ராகம், கருவி எல்லாம் நோட்டில் வரட்டும். தட்டை நகர்த்தாமலேயே ஒரே சேகரிப்பைப் பத்து விதமாகத் தேடலாம்.

நோட்டில் என்ன எழுதுவது? எண், பாடியவர் அல்லது வாசித்தவர், உடன் வாசித்தவர்கள், பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், நிறுவனத்தின் பெயரும் தட்டு எண்ணும், வெளிவந்த ஆண்டு. இவை எல்லாத் தட்டுக்கும் பொது. இவற்றோடு எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு கட்டத்தையும் சேர்க்க வேண்டும்: இது வீட்டுக்கு எப்படி வந்தது? 'தீபாவளி போனஸில் வாங்கியது', 'துரை வீட்டுச் சாமானில் கிடைத்தது', 'தங்கை கல்யாணத்துக்கு மறுநாள் பதிவு செய்தது'. பின்னாளில் பேரப்பிள்ளை முதலில் படிக்கப்போவது இந்தக் கட்டத்தைத்தான்.

கணினி தெரிந்தவர்கள் கணினியில் எழுதலாம். தெரியாதவர்களுக்குப் பள்ளி நோட்டு போதும். சென்னையில் திரையிசை வரலாற்றாளர் வி.ஏ.கே. ரங்கா ராவ் பல்லாயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்தார். தட்டுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, ஒவ்வொன்றையும் பற்றி அவர் அறிந்து எழுதியதும் பேசியதும்தான் அந்தச் சேகரிப்பை வரலாறு ஆக்கியது. 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு சங்கமே தொடங்கினார்கள். அவர்கள் வெளியிட்ட இதழில் பக்கம் பக்கமாக வந்தது பட்டியல்கள்தாம்.

ஈரமும் வெள்ளமும்

நம் நாட்டில் இசைத்தட்டின் முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்து உண்டு. ஜொகூரிலோ அது 80 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். ஒலிநாடாவில் வெள்ளையாகப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே இயந்திரத்தில் போட்டால் இயந்திரமும் கெடும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் தொற்றும்.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. குளியலறைச் சுவரை ஒட்டவே கூடாது. சமையலறைப் புகையும் ஆகாது. தட்டுகளைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துபோகும். புத்தகம் போல நேராக நிறுத்த வேண்டும், சாயவும் விடக்கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும். புகைப்படக் கருவிகளுக்கு விற்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று வாங்க முடிந்தால், முக்கியமான நாடாக்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். மென்மையான துணி, வடித்த நீர் போதும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். குறுந்தட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2006 டிசம்பர் – 2007 ஜனவரி, பிறகு 2011, மறுபடி 2023 மார்ச் என்று சிகாமட் மாவட்ட மக்கள் பார்த்த வெள்ளங்களைப் பற்றி விளக்கம் தேவையில்லை. தண்ணீர் ஏறும்போது முதலில் பிள்ளைகள், வயதானவர்கள், மருந்து, அடையாள அட்டை. இசைத்தட்டை நினைக்க நேரம் இருக்காது. அதனால் முன்கூட்டியே நினைக்க வேண்டும். கீழ்த் தட்டில் எதையும் வைக்கக்கூடாது. கனமான தட்டுகளுக்கு அது வசதியான இடம்தான். ஆனால் வெள்ளம் முதலில் வரும் இடமும் அதுதான். பட்டியல் நோட்டின் ஒரு நகல் வேறோர் ஊரில் உள்ள பிள்ளையின் வீட்டில் இருக்கட்டும். சேறு புகுந்த நாடாவை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று இயந்திரத்தில் போட வேண்டாம்.

எதை முதலில் காப்பாற்றுவது?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்ற வேண்டுமானால், அது ஓடும் நேரம் முழுக்க ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம். குறுந்தட்டின் தரத்தில் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 600 மெகாபைட் பிடிக்கும். முந்நூறு நாடாவுக்கு 180 கிகாபைட். இன்றைக்கு அது ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும் வன்வட்டு. இடம் பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. வாரத்துக்கு ஒரு நாடா என்று வைத்துக்கொண்டால் முந்நூறு நாடாவை முடிக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அதுவரை எல்லா நாடாவும் காத்திருக்காது.

அதனால் வரிசை வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் இங்கே தலைகீழாகச் செய்கின்றன. விலை உயர்ந்த தட்டை, பெரிய பெயருள்ள கலைஞரை முதலில் எடுக்கிறார்கள். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் நம் வீட்டுத் தட்டில் அழிந்தாலும் உலகத்தில் அழியாது. மைல்ஸ் டேவிஸ் எங்கும் போய்விடமாட்டார். ஆனால் 1970களில், 80களில், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரம்? அந்தத் தோட்டமே இன்று இருக்கிறதோ இல்லையோ. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாட்டு, மார்கழி பஜனை, பாட்டியின் தாலாட்டு, துக்க வீட்டில் யாரோ பதிவு செய்த ஒப்பாரி? இவற்றுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

முதல் வேலையாக, அந்த நாடாவின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறுதலாக அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. இயந்திரத்தின் ஒலிமுனையைப் பஞ்சால் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு ஓடவிடுங்கள். 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளே பதிவு செய்யப் போதும். மூலப் பிரதியை எம்.பி.3 ஆகச் சுருக்கி வைக்காதீர்கள். அதில் ஒலியின் ஒரு பகுதி போய்விடும், திரும்ப வராது. முழுத் தரத்தில் ஒன்று வைத்துக்கொண்டு, கைப்பேசிக்கு மட்டும் சுருக்கியதை அனுப்பலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். இதுவே எளிய விதி. எழுதும் குறுந்தட்டை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல. அதன் சாயம் காலப்போக்கில் மங்கும். நிறுவனங்களின் பதிவுகளை வீட்டில் கேட்கப் பாதுகாத்து வைப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவதும் விற்பதும் வேறு. அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

மாற்றும்போது கௌஹர் ஜானை நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் ஆரம்பத்தில் வீட்டில் ஒருவர் குரல் கொடுக்கட்டும்: இது யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பதிவு செய்தவர் யார். எழுத்து அழிந்தாலும் குரல் சொல்லும்.

கேட்காத தட்டு வெறும் பிளாஸ்டிக்

சேர்ப்பதிலும் அடுக்குவதிலும் மூழ்கிக் கேட்பதை மறந்தவர்களும் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு பக்கம், இருபது நிமிடம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். உறையில் உள்ள எழுத்தைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஜாஸ் புதிது என்பவர்கள் தெரிந்த வழியில் நுழையலாம். கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் வாசித்த கர்நாடக இசையை முதலில் கேட்கலாம். பிறகு 2008இல் அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்'. அதன் பிறகு 'சக்தி'. பிறகு ஜான் கோல்ட்ரேன் 1961இல் பதிவு செய்த 'இந்தியா'. அவர் தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். சிதார் மேதை ரவிசங்கர் மேல் இருந்த மதிப்பு அது. இந்த வரிசையில் நான்கு வாரம் கேட்டவருக்கு, துரை வீட்டுப் பெட்டியில் இருந்து வந்த தட்டுகள் அந்நியமாகத் தோன்றாது.

லோரி காத்திருக்கட்டும்

சாஆ வீட்டுக்குத் திரும்புவோம். லோரிக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லலாம். கிராணியாரின் மகன் ஒரு பள்ளி நோட்டு வாங்கி வரட்டும். எண் 1 என்று எழுதி, பெயர் எழுதாத ஒரு நாடாவை இயந்திரத்தில் போடட்டும். பக்கத்தில் தாயாரை உட்கார வைக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

"அப்பாவுக்குத்தான் தெரியும்" என்று சொன்ன அதே தாயார், நாடா ஓடத் தொடங்கியதும் பேசத் தொடங்குவார். "இது தீமிதித் திருவிழா... அந்த வருஷம் மழை... தவில் வாசிச்சவர் லாபிஸிலிருந்து வந்தாரு." அட்டையில் எழுதாதது அவர் நினைவில் இருக்கும். ஒரு நாடாவில் திடீரென்று ஒரு கிழவியின் தாலாட்டு வரும். தாயார் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். பிறகு, "இது உன் பாட்டி. தொட்டில்ல இருக்கிறது நீதான்" என்பார்.

எந்த நிறுவனமும் வெளியிடாத தட்டு அது. எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைக் கேட்டு யார் என்று சொல்லக்கூடியவர் இன்னும் எத்தனை வருடம் நம்மோடு இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நேயர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை புதிய தட்டு வாங்கப் போக வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், வீட்டுப் பெரியவர் ஒருவர். எண் 1இலிருந்து தொடங்குங்கள்.